நம்ம பையன்தானே, குடுங்க!

ஆதார் கார்டை வாட்ஸ்அப் குரூப்புல போடாதீங்க.

போடாதீங்கன்னா போடாதீங்க!

எங்க தெரு விழாக் குழு குரூப்புல இதை எத்தனை தடவை கத்தியிருப்பேன்னு எனக்கே கணக்கில்லை. போன வாரம் மறுபடியும் ஆரம்பிச்சாங்க. காசி டூர் போறாங்களாம். பொருளாளர் மாமா ஒரு மெசேஜ் தட்டிவிட்டார்: "டூர்காரர் கேக்குறார். எல்லாரும் ஆதார் முன்பக்கம், பின்பக்கம் போடுங்க."

அவ்ளோதான். சாயரட்சைக்குள்ள குரூப்பு முழுக்க ஆதார். என் போன் கேலரியைத் திறந்தா தெருவில இருக்கிற அத்தனை பேரோட பிறந்த தேதியும் விலாசமும் வரிசையா நிக்குது. ஒரு பெரியவர் ஆதாரோட பேங்க் பாஸ்புக் முதல் பக்கத்தையும் சேர்த்துப் போட்டிருந்தார். யாரும் கேக்கலை. "எதுக்கும் இருக்கட்டுமே"ன்னு போட்டாராம்!

மாமாவுக்கு போன் போட்டேன். "மாமா, இந்த குரூப்புல பந்தல்காரர் இருக்கார், மைக்செட்காரர் இருக்கார், வீட்டைக் காலி பண்ணிட்டு எங்கேயோ போயிட்டவங்க இருக்காங்க, பேரே தெரியாம வெறும் நம்பரா சில பேர் இருக்காங்க. இவங்களுக்கெல்லாம் எதுக்கு நம்ம ஆதார்?"

"எல்லாம் நம்ம ஆளுங்கதானேம்மா. வெளியாள் யாரு இருக்கா?"

இந்த "நம்ம ஆளு" இருக்காரே... அவரைப் பத்திதான் இன்னைக்குப் புலம்பப் போறேன். நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

போலீஸ் நோட்டீஸைப் பாருங்க, பேங்க்ல இருந்து வர்ற எஸ்எம்எஸ்ஸைப் பாருங்க. எல்லாத்திலயும் ஒரே பாட்டு: "முன்பின் தெரியாதவரிடம் ஓடிபி சொல்லாதீர்கள்." சரி, நல்லது. ஆனா எங்க சிதம்பரம், கடலூர்ப் பக்கம் முன்பின் தெரியாத ஆளு வந்து வாசல்ல நின்னா, தண்ணி குடுக்கறதுக்கு முன்னாடியே "எந்த ஊரு, யாரு வீட்டுக்கு"ன்னு நாலு கேள்வி வரும். அதே ஆளு "நான் இன்னார் பையன்"னு சொல்லட்டும். பீரோ சாவியே கைமாறும். ஓட்டை அங்கதான் இருக்கு. அதை எந்த நோட்டீஸும் சொல்ல மாட்டேங்குது.

சும்மா சொல்றேன்னு நினைக்காதீங்க. 2020-ல நடந்தது ஞாபகம் இருக்கா?

பி.எம். கிசான் திட்டம். விவசாயிக்கு வருஷம் 6,000 ரூபா, மூணு தவணையா, நேரா பேங்க் கணக்குல ஏறும். 2020 ஆகஸ்ட்ல குட்டு உடைஞ்சுது. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சின்னு நம்ம பக்கத்துல பெரிய களேபரம். மொத்தம் 13 மாவட்டம். தகுதியே இல்லாத அஞ்சரை லட்சம் பேர் பட்டியல்ல ஏறியிருந்தாங்க. போன பணம் 110 கோடி. செப்டம்பர்ல இந்தக் கணக்கைச் சொன்னவர் அப்போ வேளாண்மைத் துறைச் செயலாளரா இருந்த ககன்தீப் சிங் பேடி. (சுனாமி வந்தப்போ நம்ம கடலூர் கலெக்டர். அவரேதான்.) 80 பேர் வேலையை விட்டு நீக்கம், 34 பேர் சஸ்பெண்ட், 18 பேர் கைது, அதுவரைக்கும் திரும்ப வந்தது 32 கோடின்னு சொன்னார். சிபிசிஐடி விசாரிச்சாங்க.

இப்போ கேள்வி. இவ்ளோ பெரிய வேலையை எந்த ஹேக்கர் பண்ணினான்? சினிமாவுல வர்ற மாதிரி இருட்டு ரூம், பச்சை எழுத்து, கறுப்பு பனியன்?

ஒண்ணும் கிடையாது. வேளாண்மை அலுவலகத்து யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் வெளியில போயிருந்துச்சு. தரகருங்க, கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கிறவங்கன்னு கைமாறிப் போய், அங்க உக்காந்து பேரைப் பேரா ஏத்தியிருக்காங்க. ஊருக்குள்ள போன ஆளுங்க "கொரோனா பணம் வருது, ஆதார் ஜெராக்ஸும் பாஸ்புக் ஜெராக்ஸும் குடுங்க"ன்னு கேட்டிருக்காங்க. ஜனங்க குடுத்தாங்க. ஏன் குடுக்க மாட்டாங்க? ஊரடங்கு, வேலை இல்லை, கேக்குறவன் தெரிஞ்ச முகம். பணம் ஏறினதும் அதுல தரகருக்குக் கமிஷன். கடைசியில ஏறின பணத்தை அரசாங்கம் திருப்பி வாங்க ஆரம்பிச்சுது. தரகருக்குக் குடுத்த கமிஷனை யார்கிட்ட போய்க் கேக்குறது?

ஒரு பாஸ்வேர்டு. "நீயே போட்டு விட்டுடுப்பா"ன்னு யாரோ யாருக்கோ சொன்ன ஒரு பாஸ்வேர்டு. இதை நான் மறக்கவே மாட்டேன்.

(அதே 2020-ல, அதுக்கு ஒரு மாசம் முன்னாடி, நம்ம பண்ருட்டியில ஒரு கூத்து நடந்துச்சே! ஸ்டேட் பேங்க் பேர்லயே போலியா ஒரு கிளை. வடக்கு பஜார் கிளையாம். கம்ப்யூட்டர், லாக்கர், செலான், ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் ரெடி. நடத்தினது 19 வயசுப் பையன். நிஜக் கிளைக்குப் போன வாடிக்கையாளர் ஒருத்தர் "புதுசா ஒரு கிளை திறந்திருக்கீங்களே"ன்னு மேனேஜரைக் கேக்கப் போய்த்தான் வெளியில தெரிஞ்சுது. நேர்ல போய்ப் பார்த்த பேங்க்காரங்களே அசந்து போனாங்களாம், அவ்ளோ தத்ரூபம். யார் பணமும் போகலை, அது வரைக்கும் நல்லது. நான் இதைச் சொல்ற காரணம் வேற. கடைத்தெருவில, கண்ணெதிர்ல, செங்கல்லும் சிமெண்டுமா நிக்கிற பேங்க்கையே போலியா கட்ட முடியுது. போன்ல வர்ற ஒரு லிங்க்கைக் கட்ட எவ்ளோ நேரம் ஆகும்?)

சரி, நம்ம கதைக்கு வர்றேன்.

சிதம்பரத்துல இருந்து கடலூருக்கு பஸ்ல போறவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். ஜன்னலோரம் ஒருத்தர் உக்காந்து போன்ல யாருக்கோ ஓடிபி சொல்லுவார். மெதுவாவா? இல்லை. ஆலப்பாக்கம் தாண்டியும் கேக்குற மாதிரி! "நாலு... எட்டு... எட்டுப்பா, ஏழு இல்லை... எட்டு!" முன் சீட்டு அக்கா திரும்பிப் பார்த்து "எட்டுன்னுதான் சொல்றார்"னு கூடவே உதவி பண்றாங்க. கேட்டா, "கம்ப்யூட்டர் சென்டர் தம்பிதாங்க, சர்டிபிகேட்டுக்குப் போட்டிருக்கேன்."

அந்தத் தம்பி நல்லவராவே இருக்கட்டும். நூத்துக்கு தொண்ணூத்தொன்பது பேர் நல்லவங்கதான். ஆனா ஓடிபி வந்த மெசேஜ்ல எதுக்கான ஓடிபின்னு எழுதியிருக்கும். அதை யாரும் படிக்கிறதில்லை. அந்த ஒரு வரியைப் படிங்க, போதும். "சான்றிதழ் விண்ணப்பத்துக்கு"ன்னு இருந்தா சரி. "ரூ. 9,500 செலுத்த"ன்னு இருந்தா தம்பியா இருந்தாலும் அண்ணனா இருந்தாலும் போனை வைங்க.

அப்புறம் இந்தத் திட்டக் காசு. 2023 செப்டம்பர்ல மகளிர் உரிமைத் தொகை ஆரம்பிச்சப்போ, "ஆயிரம் ரூபா வந்துச்சா, ஓடிபி சொல்லுங்க"ன்னு போன் வர ஆரம்பிச்சுது. நாங்க அப்படிக் கேக்குறதில்லைன்னு அரசாங்கமே சொல்ல வேண்டியதாச்சு. திருடன் பேப்பர் நல்லா படிக்கிறான்ங்க. என்னைக்கு என்ன திட்டம், எந்த மாவட்டத்துல என்ன நிவாரணம்னு நம்மளைவிட அவனுக்கு அத்துப்படி.

இப்போ லேட்டஸ்ட் என்னன்னா கல்யாணப் பத்திரிகை.

தெரிஞ்சவங்க நம்பர்ல இருந்து வாட்ஸ்அப்ல ஒரு ஃபைல் வரும். "திருமண அழைப்பிதழ்"னு பேரு. பேருக்குப் பின்னாடி பாருங்க: ஏபிகே-ன்னு மூணு இங்கிலீஷ் எழுத்து இருக்கும். அது பத்திரிகையே இல்லைங்க, ஒரு ஆப். தொட்டீங்கன்னா "இதை நிறுவவா?"ன்னு கேக்கும், "எஸ்எம்எஸ் படிக்க அனுமதி தா"ன்னு கேக்கும். கல்யாணப் பத்திரிகைக்கு எதுக்கு என் எஸ்எம்எஸ்? இந்தக் கேள்வி மட்டும் அந்த நேரத்துல நமக்குத் தோணாது. கை அதுபாட்டுக்கு "சரி"யைத் தட்டிட்டே போகும். உள்ளே போனதும் உங்களுக்கு வர்ற பேங்க் ஓடிபியெல்லாம் அவனுக்கும் போகும். அதோட விடாது, உங்க போன்ல இருக்கிற எல்லாருக்கும் உங்க பேர்லயே அதே பத்திரிகை போகும். டிராஃபிக் அபராதம்னும் இதே ஃபைல் வருது, பி.எம். கிசான்னும் வருது. பேரு மட்டும்தான் வேற.

அனுப்பினது யாருன்னு பார்த்தா நம்ம ஒண்ணுவிட்ட சித்தப்பா! அதனாலதான் திறக்குறோம். பாவம் சித்தப்பாவுக்கே அது போனது தெரியாது.

எங்க குரூப்புலயும் ஒண்ணு வந்துச்சு, நம்ம தெரு ஆளு ஒருத்தர் நம்பர்ல இருந்து. அதுக்குக் கீழே "வாழ்த்துகள்"னு வரிசையா மாலை, பூச்செண்டு, கைகூப்பு! யாரு கல்யாணம்னு ஒருத்தரும் கேக்கலை. அவருக்குக் கல்யாண வயசுல பிள்ளையே இல்லைங்கிறது வேற விஷயம்.

அன்னைக்கு சாயங்காலம் நான் ஒரு வேலை பண்ணினேன். வீட்ல இருக்கிற எல்லார் போனையும் பிடுங்கி, செட்டிங்ஸ்ல "தெரியாத ஆப்களை நிறுவுதல்"னு ஒரு இடம் இருக்கு, அதைத் தேடிப் போய் வாட்ஸ்அப், குரோம் ரெண்டுக்கும் அனுமதியை மூடினேன். ஒவ்வொரு கம்பெனி போன்லயும் அது ஒவ்வொரு மூலையில ஒளிஞ்சிருக்கு. தேடுற பெட்டியில பேரை அடிச்சுத் தேடுறதுதான் சுலபம்னு மூணாவது போன்லதான் புத்தி வந்துச்சு.

போலீஸ்னு சொல்லி வீடியோ கால்ல மிரட்டுற டிஜிட்டல் அரெஸ்ட் பத்தி நிறைய எழுத மாட்டேன், எல்லாரும் எழுதிட்டாங்க. 2024 அக்டோபர் 27 அன்னைக்குப் பிரதமரே ரேடியோவுல பேசினார். சட்டத்துல அப்படி ஒண்ணு கிடையாது. வீடியோ கால்ல யாரும் யாரையும் கைது பண்ண முடியாது. அவ்ளோதான். ஆனா ஒண்ணு கவனிச்சேன். பயந்து மாட்டினவங்க கதை எல்லாத்திலயும் ஒரு கட்டளை வரும்: "வீட்ல யார்கிட்டயும் சொல்லக் கூடாது." மிரட்டுறவன் கேக்குற முதல் விஷயமே அதுதான். அப்போ நாம முதல்ல செய்ய வேண்டியதும் அதுதான், சத்தமா கூப்பிட்டுச் சொல்லிடணும். பக்கத்து வீட்டு மாமிகிட்ட சொன்னாக்கூட போதும். அவங்க போனை வாங்கிப் பேசினா அந்தப் போலி ஆபீசர் அழுதுட்டே வச்சிடுவான்!

இப்போ விழாக் குழு, மகளிர் குழு, குடியிருப்போர் சங்கம் நடத்துறவங்களுக்கு. இங்கதான் எனக்கும் மாமாவுக்கும் பெரிய சண்டை.

வசூல் எல்லாம் மாமாவோட சொந்த பேங்க் கணக்குல வருது. நாணயமான மனுஷர், பைசா குறையாது, அதுல மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா கணக்கு முடங்கினா? எனக்குத் தெரிஞ்ச ஒரு கடைக்காரர் கதையைச் சொல்றேன். யாரோ ஒரு ஆளு வந்து பொருள் வாங்கிட்டு யுபிஐ-ல காசு அனுப்பிட்டுப் போயிட்டான். அது எங்கேயோ ஒருத்தரை ஏமாத்தி எடுத்த காசு. அந்த ஊர்ல புகார் பதிவாச்சு, காசு போன வழியில இருந்த கணக்குகளை எல்லாம் தொட்டுட்டே வந்தாங்க, இவர் கணக்கும் நின்னு போச்சு. குத்தமே பண்ணாத மனுஷர் பேங்க்குக்கும் ஸ்டேஷனுக்கும் நடந்தார். இதே மாதிரி ஆனி மாசம் திருமஞ்சனத்துக்கு முதல் நாள் மாமா கணக்கு நின்னா அன்னதானத்துக்கு அரிசி எப்படி வாங்குவீங்க?

இதைச் சொன்னப்புறம்தான் மாமா இறங்கி வந்தார். குழு பேர்ல தனிக் கணக்கு, ரெண்டு பேர் கையெழுத்து. அப்படிக் கூட்டுக் கையெழுத்து வச்சா அந்தக் கணக்குல இருந்து யுபிஐ-ல பணம் அனுப்ப முடியாதுன்னு பேங்க்ல சொன்னாங்க. மாமாவுக்கு அது பெரிய குறை. எனக்கு அதுதான் நிறை! யாரும் அவசரத்துல தட்டி அனுப்ப முடியாதே.

அடுத்தது ஸ்கிரீன்ஷாட் வசூல். "501 அனுப்பிட்டேன்"னு ஒரு படம் வரும், மாமா நோட்டுல டிக் அடிப்பார். அந்த மாதிரிப் படம் போலியா தயார் பண்ற ஆப்பே ஊருக்குள்ள சுத்துது. (கடைக்காரங்க ஏன் காசு வந்ததும் சத்தமா பேசுற அந்தக் குட்டிப் பெட்டியை வச்சிருக்காங்கன்னு நினைச்சீங்க?) பேங்க் ஸ்டேட்மெண்ட்ல வந்தாத்தான் வந்தது. நோட்டுல டிக் அதுக்கப்புறம்.

அப்புறம் கியூஆர். பந்தல்ல, உண்டியல் பக்கத்துல ஒட்டியிருக்கிற கியூஆர் மேல இன்னொருத்தன் தன்னோட கியூஆரை ஒட்டிட்டுப் போறது ஒண்ணும் பெரிய வித்தை இல்லை. விழா நாள்ல காலையிலயும் சாயங்காலமும் ஒருத்தர் அதை ஸ்கேன் பண்ணி யார் பேர் வருதுன்னு பாக்கணும். இந்த வேலையை எங்க தெரு பிளஸ் டூ பசங்ககிட்ட குடுத்திருக்கோம். ரொம்ப விறைப்பா பண்றாங்க, ஒருத்தன் போலீஸ் விசிலே வாங்கிட்டான்.

ஆதார் விஷயத்துல ஒரு சமாதானம் கண்டுபிடிச்சேன். மறைத்த ஆதார்னு ஒண்ணு இருக்கு. முதல் எட்டு எண்ணு மறைஞ்சு கடைசி நாலு மட்டும் தெரியும். ஆதார் இணையதளத்துலயே எடுக்கலாம். 2022 மே மாசம் ஆதார் அலுவலகம் "ஜெராக்ஸை எல்லார்கிட்டயும் குடுக்காதீங்க, மறைத்த ஆதாரைக் குடுங்க"ன்னு ஒரு அறிவிப்பு விட்டு, நாடே அலறினதும் ரெண்டே நாள்ல வாபஸ் வாங்கினாங்க. (அறிவிப்பு போச்சு, யோசனை நல்ல யோசனைதான்.) டூர்காரருக்கு அதைத் தனியா அவர் நம்பருக்கு மட்டும் அனுப்பினோம். கைரேகையையும் பூட்டி வைக்கலாம், அதே ஆதார் இணையதளத்துல. கைரேகை வச்சுப் பணம் எடுக்குற பழக்கம் இல்லாத வீடுன்னா பூட்டிடுங்க.

இவ்ளோ பண்ணியும் பணம் போச்சா? 1930.

முதல்ல பேங்க்குக்கா, ஸ்டேஷனுக்கா, மச்சானுக்கான்னு யோசிக்காதீங்க. 1930. இந்த சைபர் மோசடி உதவி எண் 2021-ல இருந்து இருக்கு (ஆரம்பத்துல வேற நம்பர், 155260). நாம சொன்ன உடனே, பணம் எந்தக் கணக்குக்குப் போச்சு, அங்க இருந்து எங்க போச்சுன்னு பேங்க் பேங்க்கா நிறுத்திட்டே போறதுதான் இதோட வேலை. திருடன் ஒரு கணக்குல இருந்து அடுத்ததுக்குத் தள்ளிட்டே இருப்பான், ஏடிஎம்-ல எடுத்துட்டா கதை முடிஞ்சுது. அதனால ஒரு மணி நேரத்துக்குள்ள சொன்னா ஒரு கதை, மறுநாள் சொன்னா வேற கதை. போன் போடும்போது கையில இருக்க வேண்டியது: கணக்கு எண், எவ்ளோ பணம், எப்போ போச்சு, அந்தப் பரிவர்த்தனை எண். யுபிஐ-ன்னா 12 இலக்கம் இருக்கும். அப்புறம் சைபர் கிரைம் இணையதளத்துல புகாரை முழுசா பதியணும். கடலூர்ல மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷனும் இருக்கு.

"எவ்ளோ அவமானம், யாருக்கும் தெரிய வேண்டாம்"னு மறைக்கிறவங்கதான் அதிகம். 2024-ல மட்டும் நாடு முழுக்க இப்படிப் போனது 22,845 கோடின்னு பார்லிமெண்ட்லயே சொன்னாங்க. அதுல படிச்சவங்க, டாக்டருங்க, ரிட்டயர்டு ஆபீசருங்க எல்லாரும் அடக்கம். வெக்கப்பட என்ன இருக்கு?

அண்ணாமலை நகர் ரூம்ல தங்கிப் படிக்கிற தம்பி தங்கச்சிங்களா, உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. "உன் பேங்க் கணக்கை ஒரு மாசம் குடு, சும்மா காசு தர்றேன்"னு சீனியர் கேட்டாலும் குடுக்காதீங்க. திருட்டுப் பணம் உங்க பேர்ல ஓடும். போலீஸ் தேடி வர்றது உங்க பேர்ல இருக்கிற விலாசத்துக்கு, அதாவது அப்பா அம்மா இருக்கிற வீட்டுக்கு. அதே மாதிரி வெளிநாட்டுல டேட்டா என்ட்ரி வேலை, டிக்கெட் நாங்களே போடுறோம்னா பத்துத் தடவை விசாரிங்க. 2022 அக்டோபர்ல மியான்மர்ல இருந்து மீட்டு 13 தமிழ்ப் பசங்களைச் சென்னைக்குக் கூட்டிட்டு வந்தாங்க. கம்ப்யூட்டர் வேலைன்னு போனவங்களை அடிச்சு உக்கார வச்சு, ஊரை ஏமாத்துற வேலையைச் செய்ய வச்சிருக்காங்க.

கடைசியா எங்க வீட்டு நடப்பு.

வாட்ஸ்அப்ல "ரெண்டு கட்டச் சரிபார்ப்பு"ன்னு ஒரு ஆறு இலக்க பின் வைக்கலாம். வச்சுட்டா நம்ம வாட்ஸ்அப்பை வேற போன்ல யாரும் சுலபமா திறக்க முடியாது. எங்க அத்தைக்கு வச்சுக் குடுத்தேன். நம்பரை மறந்துடக் கூடாதுன்னு பத்திரமா நாள்காட்டித் தாள்ல எழுதி வச்சாங்க. மறுநாள் காலையில பழக்கதோஷத்துல அவங்களே கிழிச்சுப் போட்டாங்க! இப்போ அஞ்சறைப்பெட்டி மூடிக்கு உள்பக்கம் எழுதியிருக்கு. சிரிக்காதீங்க, போன் கேலரியில போட்டோ எடுத்து வைக்கிறதுக்கு அஞ்சறைப்பெட்டி எவ்வளவோ மேல். மியான்மர்ல உக்காந்து யாரும் எங்க வீட்டு மஞ்சள்பொடியைத் திறக்கப் போறதில்லை.

இப்போ குரலையே போலி பண்றாங்கன்னு கேள்விப்பட்டதுல இருந்து அத்தைக்கு வேற கவலை. மகன் துபாய்ல இருக்கான். அவன் குரல்ல யாராவது பேசி "அவசரமா பணம் போடும்மா"ன்னு கேட்டா? அதனால வீட்டுக்குள்ள ஒரு கேள்வி-பதில் ஏற்பாடு பண்ணினோம். சந்தேகம் வந்தா அத்தை "கொத்சுக்கு என்ன காய் வாங்கட்டும்?"னு கேப்பாங்க. சிதம்பரத்துல பிறந்த எவனும் கத்திரிக்காய்னுதான் சொல்லுவான். சரியான பதில் முருங்கைக்காய்.

ரெண்டு மாசம் ஒண்ணும் இல்லை. ஒரு நாள் அவன் நிஜமாவே ஏதோ இன்ஷூரன்ஸ் கட்டச் சொல்லி போன் போட்டிருக்கான். அத்தை கேள்வியைப் போட்டாங்க. அவன் ஆபீஸ் அவசரத்துல "கத்திரிக்காய்தான், வேற என்ன?"ன்னுட்டான். டொக்குன்னு வச்சுட்டாங்க. மறுபடி அடிச்சான், எடுக்கலை. எனக்கு அடிச்சுக் கத்துறான்: "அம்மா என்னை பிளாக் பண்ணிட்டாங்க!"

நான் போய் அத்தைகிட்ட சொன்னேன், நிஜமாவே அவன்தான்னு.

"அப்போ முருங்கைக்காய்னு சொல்லச் சொல்லு, எடுக்குறேன்"னாங்க.